வெட்டுக்குத் தப்பிய க

கத்திரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். குரல்காரி அவனை அண்ணா என்று கூப்பிட்டாள்.

வாய் நிறைய அண்ணா என்று ஒரு பெண் கூப்பிடுவதில் என்னய்யா குறை என்று கேட்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். அவர்களுக்கு இந்தக் கதை ஏறாது. ஒருத்தியை மனசில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டு அலைகிறவனை அவளே அண்ணா என்று கூப்பிட்டால், அது முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவதற்குச் சமம். அதையும் அவள் சிரித்துக்கொண்டே செய்தாள். போதாததற்கு, "சாப்டீங்களாண்ணா?" என்று கரிசனம் வேறு. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவன் படங்களை வெட்டி ஒட்டுகிறவன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பித்தளைக் கத்திரி இருந்ததால் கம்பெனியில் எல்லோருக்கும் அவனே கத்திரி ஆகிவிட்டான். சொந்தப் பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வந்து போகும். அவள் வெளிநாட்டுப் படங்களின் நாயகிகளுக்கு நம் பாஷையில் குரல் கொடுப்பவள். அறுபதுகள் பிறந்த புதுசு. எங்கோ ஓடி முடிந்த படங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வாயை மட்டும் மாற்றி, ஊர் ஊராக ஓட்டுவதுதான் முதலாளியின் தொழில். அவர் வாங்கும் படத்தில் நாயகி அழுதாலும் சிரித்தாலும் குதிரையில் ஏறித் தப்பினாலும், திரைக்குப் பின்னால் மூச்சு வாங்குவது குரல்காரிதான்.

கத்திரி அக்கா வீட்டில் இருந்தான். விஷயம் அக்காவுக்குத் தெரியும். தம்பி கண்ணாடி முன்னால் நின்று, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று சீப்பிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"சீப்பு பதில் சொல்லுச்சா?" என்றாள் அக்கா.

"போக்கா."

"நான் எங்கடா போறது? நீதான் போகணும். போய்க் கேளு. இந்தப் படம் வெளியாகறதுக்குள்ள கேக்கலேன்னா, நான் பாத்து வெச்சிருக்கற இடத்துல சரின்னு சொல்லிடுவேன். அவங்களுக்கு நான் எத்தனை நாள்தான் தம்பிக்கு ஜலதோஷம், தம்பிக்குக் கால்வலின்னு சொல்லிட்டே இருக்கறது? நீ என்னமோ படுத்த படுக்கைன்னு நினைச்சுட்டிருக்காங்க."

"அவ என்னை அண்ணான்னு கூப்பிடறாக்கா."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து."

"நாசமாப் போச்சு," என்றாள் அக்கா. ஆனாலும் கெடு கெடுதான் என்றும் சொல்லிவிட்டாள்.

அந்தப் படம் கடலோரத்தில் ஒரு தனி வீட்டில் நடக்கிறது. வீட்டில் ஒருத்தியும் ஒரு நாயும். மழையில் நனைந்துகொண்டு ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். முதலில் சண்டை, அப்புறம் சமாதானம், அப்புறம் நடனம், கடைசியில் அவள் விரலில் மோதிரம் போடுகிறான். அவ்வளவுதான் படம். குரலெல்லாம் பதிந்து, கத்திரி அதை வாயசைப்போடு ஒட்டி வைத்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று முதலாளி தியேட்டர்களைப் பேசி சுவரொட்டியும் ஒட்டிய பிறகு, தணிக்கை அலுவலகத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"ஒரு வீடு, ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, கல்யாணம் ஆகல. குடும்பத்தோட வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு கேக்கறாங்க," என்றார். "நான் என்னய்யா பதில் சொல்றது?"

"கடைசியில மோதிரம் போடறானே ஐயா," என்றான் கத்திரி.

"கடைசியிலதானே போடறான்? அதுவரைக்கும் அந்த வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தான்னு கேக்கறாங்க."

"ஆரம்பத்துலயே புருஷன் பெண்டாட்டின்னு வெச்சுட்டா?"

"புருஷன்னா மழையில வந்து கதவைத் தட்டி, நீங்க யாருன்னு ஏண்டா கேக்கறான்?"

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த புலவர் கண்ணை மூடினார். வசனம் எழுதுகிறவர் அவர். எந்த இடத்தில் ஒற்று மிகும், எந்த இடத்தில் மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்பதால் புலவர் என்று பெயர். வேறு எந்த வகையிலும் அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர் கண்ணை மூடினால் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"அண்ணன் தங்கச்சி," என்றார் புலவர்.

"என்னது?"

"சின்ன வயசுல ஒரு மழையில பிரிஞ்சு போன அண்ணன் தங்கச்சி. இன்னொரு மழையில ஒண்ணு சேர்றாங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிந்த அண்ணன் தங்கை என்று யாராவது வாயெடுத்தாலே கைக்குட்டையைத் தேடுகிற சுபாவம் அவருக்கு. அதற்குமேல் அவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. ஆனாலும் கத்திரி பேசிப் பார்த்தான்.

"நடனம் ஆடறாங்களே ஐயா."

"தொலைஞ்சு போன தங்கச்சி கிடைச்சா ஒருத்தன் ஆட மாட்டானா?" என்றார் புலவர்.

"இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆடறான்."

"அதை வெட்டு."

"முத்தம்?"

"அங்க நாயைப் போடு," என்றார் முதலாளி. அந்த நாய் ஒரு காட்சியில் தலையைத் தூக்கி மேலே பார்க்கும். எங்கே வெட்டினாலும் அந்த இடத்தை அடைக்க அதைப் போடுவதென்று முடிவாயிற்று.

"கடைசியில மோதிரம்?"

புலவர் மறுபடி கண்ணை மூடினார். "வெளியூர்ல அவனுக்கு ஒரு பொண்ணு பேசி வெச்சிருக்கு. அவளுக்கு வாங்கின மோதிரத்தைத் தங்கச்சி விரல்ல போட்டு அளவு பாக்கறான்."

"அதுக்கு ஏன் அவ அழறா?"

"அண்ணனுக்குக் கல்யாணம்னா தங்கச்சி அழ மாட்டாளா?"

முதலாளி மூக்கை உறிஞ்சினார்.

நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் பக்கத்துத் தெருக்காரர். கூப்பிட்டதும் வந்து, இருந்த 'தங்கமே'யையெல்லாம் 'தங்கச்சி' என்று மாற்றிப் பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் எதைச் சொன்னாலும் காதல் வசனம் மாதிரிதான் ஒலிக்கும். கடைக்காரரிடம் சில்லறை கேட்டாலும் அப்படித்தான். அதனால் அந்தத் தங்கச்சியில் பாசத்தை யாரும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். போகட்டும் என்று விட்டார்கள்.

குரல்காரியிடம் வந்தபோதுதான் வண்டி நின்றது. அவள் முந்தின வாரம் ஒரு பேய்ப் படத்துக்கு அலறப் போயிருந்தாள். செத்தவர்கள் எல்லோருக்கும் அவளே அலறியதில் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் நிரந்தரமாகக் குரல் போய்விடும் என்று டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார். அவள் வாயில் புலவர் எழுதி வைத்திருந்ததோ வரிக்கு வரி 'கண்ணா'. போகாதே கண்ணா, மழை வருது கண்ணா, என்னைப் பாரு கண்ணா.

"அண்ணனை எவளாவது கண்ணான்னு கூப்பிடுவாளா?" என்று முதலாளி தலையில் கை வைத்தார். "தியேட்டர்லாம் பேசியாச்சேய்யா. என் மானம் போகுதே."

இந்த இடத்தில் கத்திரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புத்தியுள்ளவன் இருந்திருப்பான். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் சிலருக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. "கண்ணாவுல க-வை மட்டும் வெட்டிட்டா அண்ணாதானே ஐயா," என்றான்.

முதலாளி எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு சுத்தமாகச் செய்தவனை நான் பார்த்ததில்லை. எந்த வார்த்தையைக் கேட்டால் அவனுக்கு வயிறு எரியுமோ, அந்த வார்த்தையை அவள் குரலிலேயே வண்டி வண்டியாகத் தயாரிக்கிற வேலை அவன் தலையில் விழுந்தது.

வேலை பார்க்கச் சின்னது, செய்யக் கஷ்டம். குரல் பதிந்த நாடாவை இயந்திரத்தில் ஓட்டி, க விழுகிற இடத்தில் நிறுத்தி, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, நகத்தளவு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அதே நீளத்துக்குச் சத்தம் பதியாத ஊமை நாடா வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாய் ஒரு பக்கம் போகும், வார்த்தை ஒரு பக்கம் போகும். இரும்புக் கத்திரி பட்டால் வெட்டின இடத்தில் காந்தம் ஒட்டி 'டப்' என்று சத்தம் ஏறிவிடும் என்றுதான் பித்தளை. எந்த வரியில் கண்ணா வருகிறது என்று குரல்காரிக்கு மனப்பாடம் என்பதால், அவளை அவன் பக்கத்தில் உட்காரச் சொன்னார் முதலாளி. கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை.

எடிட்டிங் அறையில் ஜன்னல் கிடையாது. ஒரு இயந்திரம், ஒரு மேஜை, நாடாக்களைத் தொங்கவிட ஆணி அடித்த ஒரு சட்டம், ஒன்றரை ஆள் உட்காரும் அளவுக்கு இடம். அதில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கண்ணா வரும் முன்னால் அவள் விரலைத் தூக்குவாள். அவன் நிறுத்துவான். வெட்டுவான். இயந்திரத்தின் பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் "போகாதே அண்ணா" என்று கெஞ்சும். பக்கத்தில் அவளோ வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் பென்சிலால் மேஜையைத் தட்டினாள். டொக் டொக். உலகத்திலேயே இனிமையான சத்தம் அதுதான் என்று கத்திரி முடிவு செய்தான். டொக் டொக்கில் அண்ணா இல்லை. டொக் டொக் என்று ஒருத்தி கூப்பிட்டால் அதற்கு எந்த உறவும் கிடையாது. எந்த உறவு வேண்டுமானாலும் ஆகலாம். அவன் வேண்டுமென்றே காது கேளாதவன் மாதிரி இருந்து இன்னொரு முறை தட்ட வைத்தான். அவள் முறைத்தாள். அந்த முறைப்பையும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மயக்கத்தில் தப்பும் செய்தான். நாயகி ஒரு இடத்தில், "என் கண்ணாடி எங்கே?" என்று கேட்கிறாள். கை பழகிப்போய் அதிலும் க-வை வெட்டிவிட்டான். "என் அண்ணாடி எங்கே?" என்றது பெட்டி. குரல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். சத்தம் வராததால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வெட்டிய க எது என்று தெரியாமல், சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த க-க்களில் ஒன்றை எடுத்து ஒட்டினான். அது ஏதோ அழுகைக் காட்சியின் க. இப்போது நாயகி கண்ணாடியைத் துக்கத்தோடு தேடினாள். பரவாயில்லை, தொலைத்தவளுக்கு வருத்தம் இருக்காதா என்று விட்டுவிட்டார்கள்.

வேலை முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அக்காவின் கெடுவும்தான். நடுவில் விட்டுவைத்திருந்த ஒரே ஒரு ரீலை அன்று முடித்துவிட்டு அவளிடம் கேட்டுவிடுவதென்று கத்திரி தீர்மானம் செய்தான். அவள்தான் பேச முடியாதே, பிடிக்கவில்லையென்றால் தலையை ஆட்டட்டும், பிடித்திருந்தால் டொக் டொக். எவ்வளவு சுலபம்!

அந்த ரீலில் நாயகன் சுவரேறிக் குதித்து வந்து, பின்னாலிருந்து நாயகியின் கண்ணைப் பொத்துகிறான். அவள் சிரித்துக்கொண்டே, "செல்லக் கண்ணா," என்கிறாள். பேசின அன்றைக்கு இந்த ஒரு வார்த்தைக்குப் புலவர் பெரிய ரகளையே செய்திருந்தார். 'செல்ல கண்ணா' என்று இழுக்கக் கூடாது, ஒற்று மிகும், 'செல்லக்' என்று அழுத்திச் சொல்லி நிறுத்தி, அப்புறம் 'கண்ணா' சொல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதனால் அங்கே ஒன்றல்ல, இரண்டு க. கத்திரி முதல் க-வை வெட்டி ஆணியில் மாட்டினான். இரண்டாவதற்குக் கோடு போடக் குனிந்தான்.

"அண்ணா," என்றது பெட்டி.

அவன் நிமிர்ந்தான். பெட்டி ஓடவே இல்லை.

"அண்ணா! குரல் வந்துடுச்சுண்ணா!" குரல்காரி தொண்டையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக அவனைப் பார்த்தாள். "காலையில வெந்நீர் குடிக்கறப்பவே கொஞ்சம் வந்துது. உங்ககிட்டதான் முதல்ல பேசணும்னு அடக்கி வெச்சிருந்தேன். டீ சொல்லட்டுமாண்ணா?"

முதல் வார்த்தையை அவனுக்கென்று சேர்த்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கொடுத்த வார்த்தை அதுவா இருக்க வேண்டும்? "சொல்லுங்க," என்றான் கத்திரி. கை தன் பாட்டுக்கு வெட்டின இடத்தை ஒட்டியது, ரீலைச் சுற்றியது, டப்பாவை மூடியது. ஒட்டின பிறகு ஒருமுறை ஓட்டிக் கேட்பது அவன் வழக்கம். அன்றைக்குக் கேட்கவில்லை. தீர்மானம் செய்து வைத்திருந்ததையும் கேட்கவில்லை.

தணிக்கைக் குழு மறுபடி பார்த்தது. அந்தக் கண் பொத்துகிற காட்சி ஓடியபோது, இந்த நாய் எதற்கு அடிக்கடி மேலே பார்க்கிறது, கூரையில் ஏதாவது இருக்கிறதா என்று ஓர் அதிகாரி கேட்க, அது அண்ணன் தங்கை பாசத்துக்குச் சாட்சி என்று புலவர் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் அந்த வார்த்தை யார் காதிலும் விழாமல் போய்விட்டது. குடும்பத்தோடு பார்க்க ஏற்ற படம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் மாலைக் காட்சிக்குக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் போனார்கள். கத்திரியை அக்கா விரட்டி அனுப்பினாள். "இன்னைக்குத்தான் கடைசி. நாளைக்குக் காலையில நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுவேன்," என்றாள். தியேட்டரில் குரல்காரி பக்கத்து இருக்கையைக் கைப்பை வைத்துப் பிடித்திருந்தாள். "இங்க வாங்கண்ணா," என்றாள். அவன் போய்த் தூக்குத் தண்டனைக்காரன் மாதிரி உட்கார்ந்தான்.

நாயகன் மழையில் வந்து, "தங்கச்சி!" என்றான். ஜனங்கள் நம்பினார்கள். பாவம், ஜனங்கள் நல்லவர்கள். டிக்கெட் வாங்கிவிட்டால் எதையும் நம்பத் தயாராகத்தான் வருகிறார்கள். அவன் பார்க்கிற பார்வை சரியில்லையே என்று ஒரு மூலையில் முணுமுணுத்தார்கள். நடனம் வந்தபோது தோளுக்கு மேலே மட்டும் தெரிந்த இருவர் தண்ணீரில் மிதப்பதுபோல் நகர்ந்தார்கள். நாய் மேலே பார்த்தது. ஜனங்களும் மேலே பார்த்தார்கள். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று.

நாயகன் சுவரேறிக் குதித்தான். பின்னால் வந்து கண்ணைப் பொத்தினான். நாயகி கொஞ்சலாகச் சிரித்து, "செல்ல கண்ணா," என்றாள்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "அடிப்பாவி, அண்ணன்டீ!" என்று அலறியது. அவ்வளவுதான். கூரை பறந்துவிட்டது. ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். குழந்தைகள் காரணம் தெரியாமல் சிரித்தன. பெரியவர்கள் காரணம் சொல்ல முடியாமல் சிரித்தார்கள். திரையில் நாயகி அடுத்ததாக, "மழை வருது அண்ணா," என்று சொன்னபோது, யாரோ ஒரு மகராசன் சரியான நேரத்தில், "க!" என்று எடுத்துக் கொடுத்தான். மழை வருது க-அண்ணா. அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம். இடைவேளை விளக்கு எரிகிற வரைக்கும் ஒவ்வொரு அண்ணாவுக்கும் தியேட்டரே சேர்ந்து க கொடுத்தது. கத்திரி பாடுபட்டு வெட்டி எடுத்ததையெல்லாம் ஜனங்கள் நொடியில் திருப்பி ஒட்டிவிட்டார்கள்.

இடைவேளையில் முதலாளி, "எவன்டா அந்த க-வை விட்டது?" என்று நடைக்கூடத்தில் கத்திக்கொண்டு வந்தார். அதற்குள் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் அடுத்த காட்சிக்கு அடிதடி என்று ஆள் வந்து சொன்னான். வெளியே போனவர்கள் தெருவில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரித்து ஊரையே கூட்டிவிட்டார்களாம். முதலாளி அதே மூச்சில், "எவன்டா அது, அவனை நான் பாக்கணுமே!" என்று குரலை மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார். புலவர் மட்டும் ஓரமாக நின்று, "செல்லக், செல்லக், ஒற்று மிகணும்," என்று யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார்.

குரல்காரி சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தாள். "அது எப்படிண்ணா தப்பிச்சுது? நீங்க ஒட்டினதுக்கப்புறம் கேக்காம விட மாட்டீங்களே."

கத்திரி தன் செருப்பைப் பார்த்தான். சீப்பிடம் சொல்லிப் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. "அதை வெட்டறப்பதான் உங்களுக்குக் குரல் வந்துது," என்றான். "முதல் வார்த்தையா அண்ணான்னு கூப்பிட்டீங்க. அப்புறம் எனக்குக் காது கேக்கல."

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "நான் எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடறேன்?"

"ஆமா. எல்லாரையும் கூப்பிடுங்க. என்னை மட்டும் விட்டுடுங்களேன்."

சொல்லிவிட்டான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"இந்த வேலைக்கு வந்த புதுசுல நான் யாரையும் எதுவும் கூப்பிடல," என்றாள். "மைக்கைச் சரி பண்றேன்னு வருவாங்க. பேப்பரைக் காட்டறேன்னு வருவாங்க. தோள்ல ஒரு கை, முதுகுல ஒரு கை. அப்புறம்தான் கண்டுபிடிச்சேன். அண்ணான்னு சத்தமா ஒரு தடவை கூப்பிட்டா போதும், கை தானா கீழ போயிடும். அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் இத்தனை நாள் இந்தக் கட்டடத்துக்குள்ள நடமாடிட்டு இருக்கேன். நீங்க அதைத் தூக்கிப் போடுங்கறீங்க."

கத்திரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தான் இத்தனை நாளும் பட்டதெல்லாம் ஒரு துக்கமா என்று வெட்கமாகவும் இருந்தது. அவளுக்கு எதிரே எத்தனை பேர் எப்படி நின்றிருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறானா? "நான் மைக் பக்கமே வர மாட்டேன்," என்றான். "எனக்கு வேலை உள் ரூம்ல." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான பதில் என்று அவனுக்கே தெரிந்தது.

மணி அடித்தது. அவள் உள்ளே போனாள்.

மிச்சப் படம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தியேட்டரே கும்மாளம் போட்டது. மோதிரக் காட்சியில், "அளவு சரியா இருக்கா தங்கச்சி?" என்று நாயகன் காதல் சொட்டச் சொட்டக் கேட்டபோது, "ரொம்பச் சரியா இருக்கு, நீயே கட்டிக்கோ!" என்று பெண்கள் பகுதியிலிருந்தே பதில் வந்தது. முத்தம் வர வேண்டிய இடத்தில் நாய் மேலே பார்த்தது. நாய்க்கு விசில் அடித்தார்கள். அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் கத்திரி ஒருவன்தான் இழவு வீட்டில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். எல்லாம் போயிற்று. இனி அவள் எடிட்டிங் அறைப் பக்கம்கூட வர மாட்டாள். காலையில் அக்கா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

படம் முடிந்ததும் அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் முதல் ஆளாக எழுந்தான். வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. வெளியே போகிறவர்களும் அடுத்த காட்சிக்கு உள்ளே வருகிறவர்களும் ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, எவனுடைய முதுகையோ பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான்.

"என்னங்க!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

அந்தக் கூட்டத்தில் இருந்த கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டுத் திருட்டுத்தனமாகப் படம் பார்க்க வந்த ஒருவர் வெலவெலத்துப் போய்த் திரும்பினார். கத்திரி மட்டும் திரும்பவில்லை. அந்தச் சொல்லுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று நடந்துகொண்டே இருந்தான்.

"என்னங்க! உங்களைத்தான்!"

திரும்பிப் பார்த்தவர்கள், கூப்பிட்டவளின் பார்வை போன திசையைப் பார்த்தார்கள். பக்கத்தில் வந்த பெரியவர் கத்திரியின் தோளைத் தட்டினார். "ஏன் தம்பி, உங்க வீட்டுல கூப்பிடறாங்க, காது கேக்கலையா?"

"எங்க வீட்டுல யாரும் வரல சார். அக்காதான் இருக்கா, அவளும் வீட்டுல—" என்று சொல்லிக்கொண்டே கத்திரி திரும்பினான்.

குரல்காரி படியின் மேல் நின்றிருந்தாள். அலறி அலறிப் பழகின அந்தக் குரலுக்குக் கூட்டமே வழி விட்டிருந்தது. அவள் முகம் சிவந்து போயிருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"இந்தக் கூட்டத்துல என்னை விட்டுட்டு நீங்க பாட்டுக்கு எங்க போறீங்க?" என்றாள்.

கத்திரிக்கு வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தோளைத் தட்டின பெரியவர்தான் அவனுக்காகப் பதில் சொன்னார்: "எங்கயும் போகலம்மா, இதோ வந்துட்டாரு." சொல்லிவிட்டு அவனைப் பிடித்துப் படியேறத் தள்ளிவிட்டார்.